அடித்தட்டு இல்லாத கட்டை

1934 நவம்பர் 2, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. கல்லறைத் திருநாள். நான்கு மெழுகுவர்த்தி கொண்டுபோனோம், ஒன்றும் நிற்கவில்லை. குடைக்குள் வைத்துக் கொளுத்தி, அம்மா கல்லறையில் மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் போயிற்று. திரும்பும்போது சம்பான் படகில் கணுக்கால் அளவு தண்ணீர். சேலைக் கரை முழுக்க மூவார் ஆற்றுச் சேறு.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய். கருவாடு. நீல நூல். வாசலின்.

பேத்தி ரோசலினிடமிருந்து கடிதம். (இனி ரோ. என்று எழுதுகிறேன், விரல் வலி.) ஆஸ்பத்திரியில் அவளை ஆபரேஷன் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். இருபத்துமூன்று வயதில். டாக்டர் கையை நீட்டினால் எதைக் கொடுக்க வேண்டும் என்று கேட்காமலே தெரிய வேண்டுமாம். பக்கத்து வீட்டு லூர்தம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. நான் இரண்டு முறை படித்தேன், அவள் ஒரு முறைதான் கேட்டாள்.

"நர்சுன்னா பீத்துணி அலசுறதுதானே" என்றாள்.

"அதையும் செய்வா. அதுக்கு மேலயும் செய்வா."

நான் ஐந்தாவது வரை. என் மகள் மூன்றாவதோடு நிறுத்தினாள். ரோ. இங்கிலீஷில் மருந்துப் பெயர் எழுதுகிறாள். சொல்லிக்கொள்ளாமல் எப்படி இருப்பது.

வீட்டுக்காரர் தன் சீன முதலாளி தவுக்கேயின் கடையிலிருந்து ஒரு துண்டு தேக்கு கொண்டுவந்திருக்கிறார். நாற்காலிக் கால், கட்டில் கால் கடைகிற கடை. மிச்சத் துண்டை எடுத்துக்கொள்ள தவுக்கே ஒன்றும் சொல்வதில்லை. எதற்கு என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசனை. யார் படிக்கப்போகிறார்கள். லூர்தம்மாளுக்குத் தெரியாது. அவர் அளவுகோல் எண்ணுக்கு மேல் படிப்பதில்லை. எழுதுகிறேன்.

போன வருஷம் அவருக்கு மூலம். நாள் முழுக்கக் கடைசல் மிதியை மிதித்துக்கொண்டு முக்காலியில் இருக்கிற ஆள். உட்கார முடியாமல் ஒரு மாதம். சிங்கப்பூரிலிருந்து தபாலில் ஒரு தகரப்பெட்டி வரவழைத்தார். உள்ளே நான்கு கறுப்புக் கட்டைகள், கெட்டி ரப்பர், சுண்டுவிரல் பருமனிலிருந்து ஏறுவரிசையாக. ஒவ்வொன்றின் அடியிலும் அகலமாக ஒரு தட்டு. பின்வழியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் இறுக்கம் தளரும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. வைத்தார். மூலம் போய்விட்டது. பெட்டி போகவில்லை.

அவருக்கு அது பிடித்துவிட்டது. என்னிடம் சொல்ல நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். கேட்டு நான் ஒரு நாள் அழுதேன், அது பாவம் என்று. மறுநாள் அவரே கேட்டார்: "இது பிடிச்சிருக்குன்னா நான் ஆம்பளையில்லன்னு ஆயிடுமா பிலோ?" முப்பத்தொன்பது வருஷம் கூட இருந்தவள் நான். எனக்கா தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம் இருந்த இருப்பில் என் அழுகை நின்றுவிட்டது. அப்புறம் அந்தப் பெட்டி எங்கள் இருவருடையதும் ஆயிற்று. இந்த வயதில் ஒருவருக்கு ஒருவர் புதிதாகக் காட்ட ஒன்று மிச்சமிருப்பது லேசில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

போன மாதம் பெரிய கட்டை சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டானது. அதற்குத்தான் தேக்கு.

நவம்பர் 4, ஞாயிறு

மழை விட்டது. பூசைக்கு இருவரும். பிரசங்கம் நீளம், முன்வரிசையில் ஒரு கிழவர் குறட்டை. கருவாடு வாங்கினேன், நூல் மறந்தேன்.

மத்தியானம் கட்டையை முடித்துவிட்டார். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் அவருடைய சொந்தப் பட்டறை, சின்னது. உப்புத்தாள் மூன்று தரம் தேய்த்து, அரக்கு மெருகு கொடுத்து, என் முந்தானையில் வைத்துக் காட்டினார். இரண்டு முனையும் முட்டை போல.

"அந்தத் தட்டு எங்க?" என்றேன்.

"எந்தத் தட்டு?"

"அடியில. மத்த மூணுலயும் இருக்கே."

சிரித்தார். "அது தட்டு இல்ல பிலோ, சோம்பேறித்தனம். கடையுறப்ப மரத்தப் பிடிச்சுக்க ஒரு முனையில கொஞ்சம் கூடுதலா விடுவோம். வேல முடிஞ்சா அத வெட்டி எறியணும். அந்த வெள்ளக்காரன் வெட்டாம பெட்டியில போட்டு அனுப்பிட்டான். நம்ம தவுக்கே பாத்திருந்தா அந்தக் கட்டையாலயே மண்டையில போட்டிருப்பாரு."

"ரப்பரக் கடைவாங்களா? அச்சுலதானே ஊத்துவாங்க."

"அச்சப் பத்தி நீ எனக்குச் சொல்லு."

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அச்சைப் பற்றிச் சொல்லத்தான் முடியும். ஆனால் முப்பது வருஷம் கடைந்த கையிடம் மரவேலை பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். வேலை சுத்தம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வெட்டின இடமே தெரியவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது. எடுத்து மடிக்கவில்லை.

கட்டை உள்ளே போய்விட்டது.

நேற்றுச் சாயங்காலம். விரல் நுனியில் இருந்தது, அடுத்த மூச்சில் இல்லை. யாரும் தள்ளவில்லை. உடம்பே இழுத்துக்கொண்டது. பிடித்து நிறுத்த ஒரு விளிம்பு இல்லை. அந்த நிமிஷம் எனக்குத் தட்டு எதற்கு என்று புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும். 

"போன வழியா தானா வந்துடும்" என்றார். காத்திருந்தோம். வரவில்லை.

இன்று காலை நான் விளக்கெண்ணெய் கொடுத்தேன். என் புத்தி. வயிற்றைப் பிசைந்து பிசைந்து வலித்ததுதான், வேறொன்றுமில்லை. வியர்த்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவர் கரண்டிக்காம்பால் எதையோ முயற்சி செய்து, கொஞ்சம் ரத்தம். கரண்டியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். உளி, குறடு எல்லாம் இருக்கிற பட்டறையையும் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில்.

"அது மேல ஏறி நெஞ்சுல அடைச்சுக்குமா பிலோ?"

"தெரியாது."

"வாய் வழியா வருமா?"

"கடவுளே, பேசாம இருங்க."

வேலிப்பக்கம் லூர்தம்மாள். "ஏன், அவர் வேலைக்குப் போகலையா?"

"வயித்துக்கட்டு."

"இதுக்கா இப்படி மொகத்த வச்சிருக்க? கம்பத்துக் குடியிருப்புல ஒரு மலாய்க்கிழவி இருக்கா, வயித்த உருவிவிடுவா. கூட்டியாரவா? ரெண்டு உருவு உருவுனா உள்ள எது இருந்தாலும் வெளிய வந்துடும்."

எது இருந்தாலும். வேண்டாம் என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி என்றேன். மாட்டேன் என்றார். ஒன்று, ரோ. அங்கே ஆபரேஷன் அறையில் நிற்கிறாள். இரண்டு, இப்படிப்பட்டவன் என்று எழுதிப் போலீசுக்குக் கொடுத்துவிடுவார்களாம், யாரோ எப்போதோ சொன்னது. "பேத்தி கையில இந்தக் கோலத்துல கிடக்குறதுக்கு நான் செத்துப்போறேன்" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

காணாமல் போன பொருளுக்கு அந்தோணியாரிடம் கேட்பது வழக்கம். சாவி, காதுத்தோடு, ஒருமுறை ஆடு. இது காணாமல் போனதில் சேருமா? எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். பொருளின் பெயர் சொல்லவில்லை.

நவம்பர் 7, புதன். ஆஸ்பத்திரி வராந்தா, சாயங்காலம். பென்சில்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அவருக்குச் சிறுநீரும் சரியாகப் போகவில்லை. அடிவயிறு தொட்டால் கத்துகிறார். கஞ்சி வேண்டாம் என்றார். கல்லறைத் திருநாள் மெழுகுவர்த்தியில் மிஞ்சின துண்டு மாடத்தில் இருந்தது. எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"அடுத்த வருஷம் உங்க கல்லறையில கொளுத்த. மழையில நான் ஒருத்தியா போய் நிக்கணும். எதுல செத்தாருன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? வெக்கத்துலன்னு சொல்லட்டுமா?"

அவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்து உருட்டினார்.

"பாவம்னு நெனச்சு அழுதேனே, அத நான் ஒரு நாளுல விட்டுட்டேன். நீங்க ரெண்டு நாளா பிடிச்சிட்டிருக்கீங்க."

துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சட்டைய எடு" என்றார்.

ஆறு நிறைய தண்ணீர். சம்பானில் மூன்று மலாய்க்காரர்கள், வாழைத்தார், ஒரு கோழி. அவர் உட்காரவில்லை. நடுவில் நின்றார், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

"டுடோக் லா, பாக்" என்றான் படகுக்காரன், உட்காருங்க என்று.

"தாப்பா, தாப்பா" என்றார் அவர், பரவாயில்லை என்று.

படகு ஆடினது. மறுபடி "டுடோக், டுடோக்." வாழைத்தார்க்காரர் நகர்ந்து இடம்விட்டார். வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் வியர்வை. "காலில் புண்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி, முட்டியைத் தொட்டுக் காட்டினேன். வாழைத்தார்க்காரர் ஐயோ பாவம் என்று அவர் முட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கரை வரைக்கும். நல்ல மனுஷன்.

ஆஸ்பத்திரி வாசலில் என்ன கேஸ் என்று கேட்டார்கள். "கீழே விழுந்துட்டேன்" என்றார் அவர். கேட்டவர் எழுதினார். நான் பேத்தியைக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிடக்கூடாது என்றுதான் வழியெல்லாம் பேசிவைத்திருந்தோம். ஆனால் எனக்கு அந்த இடத்தில் வேறு யாரைத் தெரியும்.

ரோ. வந்தாள். வெள்ளைத் தொப்பி, கஞ்சி போட்ட கவுன். அவள் நடந்துவந்ததை இந்த நிலைமையிலும் ரசித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாட்டி, என்ன ஆச்சு?"

வராந்தாத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய்க் காதில் சொன்னேன். மூன்று வாக்கியம். சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எப்ப?"

"திங்கக்கிழம சாயங்காலம்."

"விளிம்பு இல்லாததா? கண்ணாடியா?"

"மரம். முழுசா இருக்கு."

"பேதிக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"இனி ஒண்ணும் குடுக்காதீங்க. தண்ணிகூட வேண்டாம்." அவ்வளவுதான். கருவாட்டுக்கு எத்தனை உப்பு என்று கேட்கிற குரல். அப்புறம் தாத்தாவிடம் போய் நின்றாள். "தாத்தா, இந்த வருஷம் இதே மாதிரி எத்தனையோ பேர் வந்துட்டாங்க. எல்லாரும் கீழ விழுந்தவங்கதான். குளியலறையில விழுந்தவர் ஒருத்தர், தென்னமரத்துலருந்து விழுந்தவர் ஒருத்தர். டாக்டருக்கு மட்டும் உண்மையச் சொல்லிடுங்க, அது எப்படி இருக்கும், எவ்வளவு நீளம்னு. அதுதான் அவருக்கு வேணும். மத்தது அவருக்கு வேண்டாம்."

"நீ உள்ள இருப்பியா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல. வேற நர்ஸ்கிட்ட மாத்திக்கிட்டேன். நான் பாட்டிகூட வெளிய இருக்கேன்."

அவர் அழுதார். என் கல்யாணத்திலிருந்து இன்றுவரை அவர் அழுது நான் பார்த்தது இது மூன்றாவது.

டிரஸ்ஸர் ஒருவர், டாக்டருக்கு அடுத்தபடி நோயாளிகளைப் பார்க்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை. அவர்தான் அளவு கேட்டு எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார் பாருங்கள், கடைசல்காரர் திரும்பி வந்துவிட்டார். நீளம், நடுப்பருமன், நுனிப்பருமன், தேக்கு, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, அரக்கு எத்தனை பூச்சு. டிரஸ்ஸர் எழுதிக்கொண்டே, "பெரியவர், கதிரை செய்யக் குடுக்கிற மாதிரிச் சொல்லுறியள்" என்றார். கதிரை என்றால் அவர்கள் ஊரில் நாற்காலி.

மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். நானும் ரோ.வும் பெஞ்சில். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஜெபமாலையோடு சேர்த்து. எங்களுக்குப் பக்கத்தில் இரண்டு தோட்டத்துப் பெண்கள். "இங்க உள்ள போனவங்க திரும்பி வர்றதில்லையாமே" என்று ஒருத்தி. "என் புருஷன் ரெண்டு தரம் போய் ரெண்டு தரமும் வந்துட்டான், என் தலையெழுத்து" என்று மற்றவள். ரோ. சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இப்போது எழுதும்போது வருகிறது.

எத்தனை நேரம் என்று தெரியவில்லை. கதவு திறந்தது. டிரஸ்ஸர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெட்டாமலே எடுத்துவிட்டார்களாம். குடல் கிழியவில்லை. நாளைவரை வயிற்றைப் பார்க்க வேண்டும், காய்ச்சல் வருகிறதா என்று.

கடவுளே. அந்தோணியாரே.

நவம்பர் 8, வியாழன்

காய்ச்சல் இல்லை. வயிறு மெத்தென்று இருக்கிறது. சிறுநீர் போகிறது. சாதாரணமாகப் போகிற ஒன்றுக்காக முழந்தாளிட்டு நன்றி சொன்னேன்.

டிரஸ்ஸர் கட்டிலருகே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இருங்கோ அம்மா, உங்களுக்கும்தான்" என்றார். அந்த மனுஷர் ஒரு தரமும் சிரிக்கவில்லை, ஒரு தரமும் முகம் சுளிக்கவில்லை. ஆணி குத்தின காலைப் பற்றிப் பேசுவதுபோல.

முதலில் கட்டையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "நல்ல வேலை. ஆனா இதுக்கு அடி எங்கை?"

வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல், பிடித்துக்கடைகிற மிச்சம் என்று நினைத்து வெட்டினதைச் சொன்னார்.

"அதுதான் அந்தச் சாமானிலை முக்கியமான பகுதி பெரியவர். மிச்சமெல்லாம் பிறகு. அந்த வழி ஒரு பை மாதிரி இல்லை, முடிவில்லாத குழாய். வாசலிலை இருக்கிற தசை உள்ளுக்கு இழுக்கும். அடி அகலமில்லாட்டி எதுவும் உள்ளுக்குப் போகும். மெழுகுதிரி, போத்தல், கரண்டிக்காம்பு."

கரண்டி விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதிவைக்கிறேன், மறக்காமல் இருக்க:

அடித்தட்டு வாசலைவிட நன்றாக அகலம். இல்லாததை எடுக்கவே கூடாது.

உள்ளே போய்விட்டால்: விளக்கெண்ணெய் கூடாது, எனிமா கூடாது, வயிற்றை உருவக்கூடாது, கம்பி கரண்டி கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சுக்கு ஏறாது, வாய்வழி வராது, ஆனால் குடலைக் கிழிக்கும். வயிறு பலகை மாதிரி ஆனாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

மரம் வேண்டாம். எத்தனை பூச்சு அரக்கு கொடுத்தாலும் ஈரம் குடிக்கும், அழுக்குத் தங்கும், சிலாம்பு எழும்பும். (இந்த இடத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.)

அந்த இடம் தானாக ஈரம் ஊறாது. வழுக்கலுக்குத் தாராளமாக ஏதாவது வேண்டும். கெட்டி ரப்பருக்கு வாசலின் பரவாயில்லை, மெல்லிய ரப்பர் உறை எதற்கும் எண்ணெய்ப் பசை ஆகாது, தின்றுவிடும். (இது எனக்கே தெரியும். ரப்பர் ஷீட்டில் எண்ணெய் பட்டால் என் அப்பா கங்காணியிடம் வாங்குகிற திட்டு இன்னும் காதில் இருக்கிறது.)

வலிதான் காவல்காரன். வலித்தால் நிறுத்து. வலிதெரியாமல் இருக்க மருந்து பூசிக்கொள்வது காவல்காரனுக்குக் கள் வாங்கிக் கொடுப்பது. (டிரஸ்ஸர் சொன்னது. எழுதும்போது சிரித்தேன்.)

சோப்பு, வெந்நீர், வெயில். பின்னால் போனது கழுவாமல் முன்னால் போகக்கூடாது. அது பெண்பிள்ளைக்குச் சீக்கு.

மெதுவாக, சிறியதிலிருந்து. அப்படிச் செய்தால் தளர்ந்துபோய் அடக்க முடியாமல் ஆகிவிடும் என்பது சும்மா பேச்சு, முரட்டுத்தனம்தான் கெடுக்கும்.

டிரஸ்ஸர் அவ்வளவும் சொல்லி எழுந்தார். வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி, "டிரஸ்ஸர் ஐயா, இது… இது பிடிச்சா ஆள் ஒரு மாதிரின்னு…" என்றார். 

டிரஸ்ஸர் நின்றார். "பெரியவர், அந்த இடத்திலை நரம்பு நிறைய. எல்லா ஆம்பிளைக்கும் எல்லாப் பொம்பிளைக்கும் அப்பிடித்தான் படைப்பு. அதாலை ஒருத்தர் ஆரெண்டு தெரியாது. உங்கடை மனிசிக்கு ஆட்சேபணை இல்லையெண்டால் எனக்கென்ன." என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று தெரியவில்லை. ஆட்டிவிட்டேன்.

போலீஸ் என்று வீட்டுக்காரர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 10, சனி

தூறல். வீட்டுக்கு வந்துவிட்டார். ஓரமாகச் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறார், ஆனால் இரண்டு தட்டுக் கஞ்சி. லூர்தம்மாள் மீன்குழம்பு கொண்டுவந்தாள்.

"கட்டு விட்டுதா?"

"விட்டுச்சு."

"நான்தான் சொன்னேனே உருவணும்னு. இத்தன நாள் ஆஸ்பத்திரியில கிடக்க வேண்டியதில்ல."

குழம்பு நன்றாக இருந்தது. அதற்கு நன்றி.

சாயங்காலம் அவர் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனார், மெதுவாக, காலை அகட்டி. பின்னாலேயே போனேன்.

"எறிஞ்சிடறேன் பிலோ. எல்லாத்தையும். சனியன் தொலையட்டும்."

"அந்தப் பெட்டி உங்கள என்ன செஞ்சுது?"

"கொல்லப் பாத்துச்சே."

"பெட்டி இல்ல. ஒரு வருஷம் இருந்துச்சு, மூலத்தப் போக்குச்சு, ஒண்ணும் செய்யல. நீங்க கடைஞ்ச கட்டதான் கொல்லப் பாத்துது. அதுலயும் கட்டையில ஒண்ணுமில்ல. வெட்டி எறிஞ்சீங்களே, அதுல."

நின்றார்.  பெட்டியைத் திறந்து மூன்று கறுப்புக் கட்டைகளையும் வெளியே எடுத்து அடித்தட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்த்தார், மரக்கடையில் ஒரு நல்ல கால் வந்தால் பார்ப்பதுபோல. "முட்டாப்பய நான்" என்றார். "அந்த வெள்ளக்காரனப் போய்ச் சோம்பேறின்னேனே."

தேக்கை மட்டும் எறிந்தார். மிதந்தது. நல்ல தேக்கு என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கடல் பக்கம் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாவம் என்று சாமியாரிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொல்ல வேண்டிய பாவம் ஒன்று உண்டு: தட்டு எங்கே என்று கேட்டுவிட்டு, அது கடைசல் மிச்சம் இல்லை என்று தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டேன். அதைச் சொல்வேன். எதன் தட்டு என்று சாமியார் கேட்க மாட்டார்.

நீல நூல் இன்னும் வாங்கவில்லை.

நவம்பர் 13, செவ்வாய்

ரோ. வந்தாள், அரைநாள் லீவு. ஆரஞ்சு கொண்டுவந்தாள். தாத்தாவும் பேத்தியும் முதலில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வானிலை பேசினார்கள். மழையா, மழைதான், நாளைக்கும் மழையா. அப்புறம் அவள் ஆரஞ்சை உரித்து அவர் கையில் வைத்தாள்.

"தாத்தா, டாக்டர் உங்களக் கேட்டாரு. நாற்காலிக் கால் ஒண்ணு ஆடுதாம், பாக்க முடியுமான்னு."

"ஆஸ்பத்திரிக்கா?"

"ஆமா."

"வரேன்" என்றார். இரண்டு ஆரஞ்சும் தின்றார்.

அவள் போகும்போது படகுத்துறை வரை போனேன். "பாட்டி, சீக்கிரம் கூட்டியாந்தீங்க, நல்லவேளை. எத்தனையோ பேர் வெக்கப்பட்டு நாலு நாள் வச்சிருந்து வர்றாங்க. அவங்களுக்குத்தான் எங்களால ஒண்ணும் செய்ய முடியாமப் போகுது."

பெருமைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீடு வரைக்கும் நடந்தேன். யாரிடம் சொல்வது. இங்கே எழுதிவிட்டேன்.

நவம்பர் 18, ஞாயிறு

மழை இல்லை. ஆறு கண்ணாடி போல.

அந்தோணியாருக்கு நேர்ந்த மெழுகுவர்த்தியை இன்று கோவிலில் வைத்தோம். வீட்டுக்காரர் அதை நிறுத்த ஒரு தண்டு கடைந்திருக்கிறார், தேக்கு, நாலு நாள் வேலை. அடி அவ்வளவு அகலம். பீடத்தில் வைத்தால் பக்கத்து மெழுகுவர்த்தியை இடிக்கிறது.

பீடத்தைக் கவனிக்கிற கோவிற்பிள்ளை தூக்கிப் பார்த்தார். "தண்டு இத்துனூண்டு, அடி இம்மாம் பெருசா?"

"அடிதான் முக்கியம்" என்றார் வீட்டுக்காரர், சிரிக்காமல்.

நான் முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டு முழந்தாளிட்டேன். தோள் குலுங்கினது. பின்னாலிருந்த பெண் நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுதேன்தான், கொஞ்சம். அவர் இருமுவது பக்கத்து வரிசையில் கேட்டது. இரும அவர் உயிரோடு இருக்கிறார். அதுதான்.

திரும்பும்போது அதே சம்பான், அதே படகுக்காரன். அவரைப் பார்த்ததும் கையால் பலகையைத் தட்டினான்.

"டுடோக், பாக்?"

அவர் உட்கார்ந்தார்.